பியாஜே சொன்ன வயசும் ஹெல்த் புக்லெட் வயசும்: எதை வச்சுப் பிள்ளையப் பார்க்கிறது?

செங்காங் அம்மா | செவ்வாய், இரவு 10:48

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைங்க ரெண்டு பேரும் தூங்குனப்புறம் உக்காந்து எழுதுறேன். நீளமா இருந்தா பொறுத்துக்குங்க.

மகனுக்கு 16 மாசம். நடை, ஓட்டம் எல்லாம் நல்லா இருக்கு. பேச்சுதான் கவலை. "அம்மா", "பா", கைக்குழந்தைங்களப் பகல்ல பார்த்துக்குற இன்ஃபண்ட் கேர்ல பழகுன "மோர்" (ஆங்கிலத்துல 'இன்னும்'), இவ்வளவுதான் தெளிவா வருது. நானும் மாமியாரும் தமிழ் பேசுறோம், அவங்க அப்பா பெரும்பாலும் ஆங்கிலம், இன்ஃபண்ட் கேர்ல ஒரு டீச்சர் மாண்டரின். மாமியார், "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும், அவன் அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்"னு சொல்றாங்க. எதிர்வீட்டு அக்கா, "மூணு மொழியப் போட்டுக் கொழப்புறீங்க, தமிழ நிறுத்திட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்க"ங்கிறாங்க.

மகளுக்கு ஆறு வயசு, அடுத்த வருஷம் பிரைமரி ஒன். அவ வகுப்புல ஒரு பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்குது. இவளோ, அகலக் கப்புல இருக்குற மைலோவ உயரமான கிளாஸ்ல ஊத்துனா "இப்ப நெறைய ஆயிடுச்சு"ங்கிறா.

பிள்ளைங்க வளர்ச்சிய ஆராய்ஞ்ச உளவியலாளர் பியாஜே ஒரு வயசுக் கணக்கு சொல்றார், இன்னொரு உளவியலாளர் எரிக்சன் இன்னொண்ணு சொல்றார், இங்க சிங்கப்பூர்ல பிள்ளை பிறந்ததும் குடுக்குற ஹெல்த் புக்லெட்ல வேற மாதிரி இருக்கு. இதுல எதை வச்சு என் பிள்ளைங்க சரியா வளருதுங்கன்னு தெரிஞ்சுக்கிறது?

---

பாலர்பள்ளி டீச்சர் | செவ்வாய், இரவு 11:30

பியாஜே கணக்கும் ஹெல்த் புக்லெட்டும் இரண்டு வேறு வேலைக்கு வந்தவை, அதைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஹெல்த் புக்லெட் பட்டியல் ஒரு சல்லடை. கூடுதல் கவனிப்பு தேவைப்படும் பிள்ளை தவறிப்போகாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று அது சொல்லாது. பியாஜே சொன்னது அதற்கு நேர்மாறு. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பது மட்டும்தான் அவர் கேள்வி. உங்கள் மகன் தாமதமாகப் பேசுகிறானா என்று அவரிடம் கேட்டால் பதில் கிடைக்காது.

அவர் இந்த வேலைக்கு வந்த விதமே அதைக் காட்டும். 1920 வாக்கில் பாரிஸில், பிள்ளைகளுக்கான அறிவுத் தேர்வுகளைத் தரப்படுத்தும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணத்தான் அவரை வைத்திருந்தார்கள். அவர் கவனம் போனது தப்பான விடைகள் மேல். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்புச் செய்தார்கள். அப்படியென்றால் அது அறிவுக் குறைவில்லை, அந்த வயதுக்கென்று ஒரு தர்க்கம் இருக்கிறது என்று நினைத்தார். பிறகு தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்து உட்கார்ந்து கவனித்து எழுதினார்.

அதிலிருந்து வந்தவைதான் நான்கு நிலைகள். பிறந்ததிலிருந்து சுமார் 2 வயதுவரை தொட்டும் கடித்தும் எறிந்தும் உலகத்தை அறிவது. 2 முதல் 7 வரை பேச்சும் பாவனை விளையாட்டும் பெருகும், ஆனால் கண்ணுக்குத் தெரிவதே நிஜம். 7 முதல் 11 வரை கையில் இருக்கும் பொருளை வைத்துத் தர்க்கம் செய்வது. அதற்குமேல் "அப்படி நடந்திருந்தால்?" என்று இல்லாததையும் யோசிப்பது. இந்த வயதுகள் தோராயமானவை. நிலைகள் வரும் வரிசையைத்தான் அவர் வற்புறுத்தினார்.

அமெரிக்காவில் பேசப்போன இடங்களில் "இந்த நிலைகளைச் சீக்கிரம் வரவைக்க முடியுமா?" என்று கேட்பார்களாம். அவர் அதற்கு "அமெரிக்கக் கேள்வி" என்றே பெயர் வைத்துவிட்டார். நம் ஊரில் பாலர்பள்ளி பெற்றோர் கூட்டம் ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்வி வருகிறது. மகளின் மைலோ விஷயம் முக்கியமானது, அதை நாளைக்கு எழுதுகிறேன். மகனைப் பற்றி இங்கே இருக்கும் தாதி அக்கா சொன்னால் நல்லது.

---

தாதி அக்கா | புதன், காலை 6:55

வேலைக்குப் போகும் முன் எழுதுகிறேன். குழந்தைப் பிரிவில் பல வருடம் இருந்தவள் நான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

புக்லெட்டில் ஒவ்வொரு திறனுக்கும் பக்கத்தில் ஒரு வயது இருக்கும். அது சராசரி வயது இல்லை. பத்தில் ஒன்பது பிள்ளைகள் அதைச் செய்துமுடித்திருக்கும் வயது. பாதிப் பேருக்கு மேல் அதற்கு வெகு முன்பே செய்திருப்பார்கள். அதனால் அந்த வயதைத் தாண்டிய பிள்ளையைப் "போகப் போகச் சரியாகும்" என்று விடக்கூடாது. தாண்டியதாலேயே கோளாறு என்றும் சொல்ல முடியாது. வந்து காட்டுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

இயல்பு என்பது எவ்வளவு அகலமானது என்பதற்கு ஒரு உதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை இயல்புதான். கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்ட பிள்ளைகள் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல். தவழவில்லை என்று அழுத தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதைச் சொல்கிறேன்.

பேச்சுக்கு வருவோம். காத்திருக்காமல் காட்ட வேண்டியவை இவை: 12 மாதமாகியும் மழலை ஒலியோ, விரல் நீட்டிக் காட்டுவதோ, டாட்டா காட்டுவதோ இல்லை. 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை. 24 மாதமாகியும் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொல் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த வயதானாலும் இருந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோவது. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திருக்கவே கூடாது.

உங்கள் மகனுக்கு மூன்று சொல் இருக்கிறது. எனக்கு இன்னும் சில தெரியவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? விமானத்தைப் பார்த்தால் உங்களுக்கும் காட்டவேண்டும் என்று விரலை நீட்டி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? கையைக் காட்டாமல் "செருப்ப எடுத்துட்டு வா" என்று வாயால் மட்டும் சொன்னால் புரிகிறதா?

---

உட்லண்ட்ஸ் தாத்தா | புதன், காலை 9:20

நான் கம்பத்தில், அதாவது அந்தக் காலக் கிராமக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவன். எங்கள் காலத்தில் புக்லெட்டும் இல்லை, பட்டியலும் இல்லை. ஒரு பிள்ளைக்குப் பத்து வீட்டுக் கண் இருந்தது. பேசாத பிள்ளையையும் எல்லாரும் பேசவைத்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது கதவு சாத்திய வீட்டில் பிள்ளை, பக்கத்தில் பணிப்பெண், கையில் ஐபேட்.

தாதி அம்மா சொன்னதை மறுக்கவில்லை. அன்றைக்குக் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளும் இருந்தார்கள், "மந்தம்" என்று பெயர் வைத்து மூலையில் உட்காரவைத்தோம். அதில் சிலருக்குக் காது கேட்காமல் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதனால் பரிசோதனை வேண்டும்.

என் கவலை வேறு. என் பேத்திக்குப் பத்து மாதம். மகள் வேலைக்குப் போனதும் நாள் முழுக்கப் பணிப்பெண்ணிடம்தான் இருக்கிறாள். இப்போது மகள் செருப்பை மாட்டினாலே கத்திக் கதறுகிறாள், முன்பு அப்படி இல்லை. மாலையில் பணிப்பெண் போனாலும் அழுகிறாள். அம்மா யார் என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுமோ?

---

பாலர்கல்வி மாணவி | புதன், பிற்பகல் 1:05

தாத்தா, பாலர்கல்வி டிப்ளோமா படிக்கிறேன், இந்தப் பகுதி இந்தப் பருவத்துலதான் எங்களுக்கு நடந்தது.

பத்து மாசத்துல அழறது உங்க பேத்தி நல்லா வளர்றதுக்கு அடையாளம். நாலு மாசக் குழந்தைக்கு, கண்ணுல படாதது இல்லாமப் போனதுதான்னு பியாஜே சொன்னார். எட்டு மாசம் வாக்குலதான் துணிக்கடியில மறைச்ச பொம்மைய அது தேட ஆரம்பிக்கும். அம்மா கதவுக்கு அந்தப் பக்கமும் இருக்காங்கன்னு தெரிஞ்சதாலதான் பேத்தி அழறா. ரெனே பையார்ஜோன் 1980கள்ல செஞ்ச ஆய்வுகள்ல, தேடத் தெரியாத மூணரை, நாலரை மாசக் குழந்தைகளும் நிஜத்துல நடக்கவே முடியாத காட்சியக் காட்டுனா ஆச்சரியப்பட்டமாதிரி கூடுதல் நேரம் பார்த்துச்சுங்க. அதனால அறிவு இன்னும் முன்னாலயே தொடங்குதுன்னு இப்ப பல பேர் நினைக்கிறாங்க. ஆனா பிரிவுத் துன்பம் கூடுற காலம் இதுதான், அதுல மாற்றமில்லை.

அம்மா, பணிப்பெண் ரெண்டு பேருக்காகவும் பேத்தி அழறதப் பத்திக் கேட்டீங்க. மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, குழந்தை தன்னப் பார்த்துக்குறவங்ககிட்ட ஒட்டிக்குற பிணைப்புல ஒரு முக்கிய ஆள் இருப்பாங்கன்னு ரொம்ப அழுத்திச் சொன்னார். 1964ல ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோ நகரத்துல ஷாஃபரும் எமர்சனும் 60 குழந்தைகளை வீடு வீடாப் போய்ப் பார்த்தாங்க. 18 மாசத்துல பெரும்பாலான குழந்தைங்க ஒருத்தருக்கு மேல பிணைஞ்சிருந்தாங்க. அப்பா, பாட்டி, தாத்தா எல்லாரும் அதுல இருந்தாங்க. ஒருத்தர்கிட்ட ஒட்டுனா இன்னொருத்தர்கிட்ட குறையும்னு இல்ல. பௌல்பியோட வேலை பார்த்த மேரி எய்ன்ஸ்வர்த் முதல்ல யுகாண்டாவுல கிராமத்துத் தாய்மார்களோடதான் ஆய்வு பண்ணாங்க. அழுதா எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பொருத்தமா பதில் கிடைக்குதுங்கிறதுதான் பிணைப்புக்கு அடிப்படைன்னு கண்டுபிடிச்சாங்க. மகள் வேலைவிட்டு வந்ததும் கைபேசிய ஓரமா வச்சுட்டு பேத்தியோட உக்கார்ற நேரம் இருக்கே, அதுக்கு அவ்வளவு எடை உண்டு.

செங்காங் அக்காவுக்கு: தமிழ மட்டும் நிறுத்திடாதீங்க. இதைக் கெஞ்சிக் கேக்குறேன். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவுல ஆங்கிலம் பேசுற வீட்டுக் குழந்தைங்களுக்கு இந்தியோட ரெண்டு ஒலியக் கேக்க வச்சாங்க, 1984ல வெளியாச்சு. நம்ம 'த', 'ட' வித்தியாசம்தான் அது. 6-8 மாசக் குழந்தைங்க சுலபமாப் பிரிச்சாங்க. 10-12 மாசத்துல பெரும்பாலானவங்களால முடியல. இந்தி கேட்டு வளர்ற குழந்தைங்களுக்கு அது அப்படியே இருந்துச்சு. ல, ள, ழன்னு நாம பிரைமரியில உருட்டி உருட்டிச் சொல்லிக்குடுக்கிறோமே, அதுக்கான காது முதல் வருஷத்துலயே தயாராகுது. பாட்டி பேச்சுதான் அதுக்குத் தீனி.

ரெண்டு மூணு மொழி கேக்குறதால பேச்சுத் தாமதம் வராதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. ஒரு மொழியில சொல் குறைவா இருக்கலாம், எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுனா ஒரே மொழிப் பிள்ளைக்குச் சமமா வரும். "அம்மா"வும் கணக்கு, "மோர்"உம் கணக்கு.

ஐபேட் பத்தி: பட்ரீஷியா கூல் குழு 2003ல, ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைங்களுக்கு 12 தடவை மாண்டரின் கேக்க வச்சாங்க. நேர்ல உக்காந்து விளையாடிப் பேசுனவங்ககிட்ட கத்துக்கிச்சுங்க. அதே ஆட்கள் வீடியோவுல பேசுனப்ப ஒண்ணும் ஏறல. நம்ம ஊர்லயே 2009ல தொடங்குன கஸ்டோ ஆய்வு இருக்கு, கேகே மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் கருவுலேர்ந்தே பிள்ளைங்களப் பின்தொடர்றாங்க. 437 பிள்ளைங்கள வச்சு 2023ல வந்த கட்டுரையில, ஒரு வயசுல திரைநேரம் கூடுதலா இருந்தவங்களுக்கு ஒன்பது வயசுல கவனத்தக் கட்டுப்படுத்துறது கொஞ்சம் சிரமமா இருந்ததாத் தெரிஞ்சுது. திரைதான் காரணம்னு அதை வச்சு முடிவுகட்ட முடியாது. ஆனா சுகாதார அமைச்சு 18 மாசத்துக்குள்ள திரையே வேண்டாம், வீடியோ அழைப்பு மட்டும் பரவாயில்லன்னு சொல்றதுக்கு இதெல்லாம் பின்னணி.

---

ஜூரோங் அப்பா | புதன், இரவு 9:40

எல்லாரும் கைக்குழந்தையப் பத்தியே பேசுறீங்க. பன்னெண்டு வயசோட வளர்ச்சி முடிஞ்சமாதிரி இந்த ஊர்ல நடந்துக்குறோம். தொடக்கப்பள்ளி முடிவுல வர்ற பிஎஸ்எல்இ தேர்வு வரைக்கும் ஓடி ஓடிப் பார்ப்போம், அதுக்கப்புறம் "பெரிய பையன் ஆயிட்டான்"னு விட்டுடுவோம்.

என் மகன் உயர்நிலைப்பள்ளியில ரெண்டாவது வருஷம். ராத்திரி பன்னெண்டரை வரைக்கும் தூக்கம் வரலங்கிறான். காலையில ஆறு மணிக்கு எழுப்ப யுத்தம். எதுக்கெடுத்தாலும் கோபம். நண்பர்களோட இருக்கும்போது தனியா இருந்தா செய்யாததையெல்லாம் செய்யுறான். ஆனா விவாதம் பண்ண உக்காந்தா என்னைவிட நல்லாத் தர்க்கம் பண்றான். பியாஜே கணக்குப்படி அவன் நாலாவது நிலை, முழுசா வளர்ந்துட்டான். நிஜத்துல அப்படி இல்லையே?

---

உயர்நிலை ஆசிரியர் | புதன், இரவு 11:15

ஜூரோங் அப்பாவுக்கு. நீங்கள் சொன்ன நாலும் ஒரே இடத்தில் சேர்கின்றன, பிரித்துச் சொல்கிறேன்.

தூக்கம்: பருவமடையும்போது, தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. கைபேசி அதை மோசமாக்கும், ஆனால் கைபேசி இல்லாவிட்டாலும் பத்து மணிக்குத் தூக்கம் வராத பிள்ளைகள் உண்டு. 2016இல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி தொடங்கும் நேரத்தை 7:30இலிருந்து 8:15க்கு மாற்றியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் அதை அளந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பள்ளி நாள்களில் மாணவிகள் படுக்கையில் இருந்த நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியது. "நேரம் தள்ளிவைத்தால் அவ்வளவும் தள்ளித்தான் படுப்பார்கள்" என்ற பேச்சு பலிக்கவில்லை, படுக்கும் நேரம் ஒன்பது நிமிடமே தள்ளியது. ஒன்பது மாதத்துக்குப் பிறகும் பலன் நீடித்தது. இது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அளந்தது. எல்லாப் பள்ளிகளும் இதைச் செய்யவேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன்.

தர்க்கமும் துணிச்சலும்: தனியாக உட்கார்ந்து அமைதியாக யோசிப்பதில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை பெரியவரை நெருங்கிவிடுகிறது. கட்டுப்படுத்திக்கொள்ளும் நெற்றிப்பக்க மூளை இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். 2005இல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் மூன்று வயதுக் குழுவினரைக் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஆடவைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13-16 வயதினர் எடுத்த ஆபத்து எகிறியது, 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதனால் "உனக்குப் புத்தி எங்கே போச்சு?" என்று கேட்பதில் பயனில்லை. புத்தி இருக்கிறது. எந்த இடத்தில் யாரோடு இருக்கிறான் என்பதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும்.

கோபம்: எரிக்சன் 1950இல் சொன்ன எட்டு நிலைகளில், பள்ளி வயதுக்கு "என்னால் முடியும்" என்ற உழைப்புணர்வா, தாழ்வுணர்வா என்ற போராட்டம். விடலைப் பருவத்துக்கு "நான் யார்?" என்பது. இங்கே முதல் போராட்டத்தின் முடிவைப் பன்னிரண்டு வயதில் மதிப்பெண்ணாக எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே புதுப் பள்ளிக்கு அனுப்புகிறோம். தாழ்வுணர்வோடு வரும் பிள்ளை "நான் யார்?" என்ற கேள்விக்கு அந்த எண்ணையே பதிலாக வைத்துக்கொள்வதை வகுப்பில் பார்க்கிறேன். நன்றாக மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. "டாக்டராவேன்" என்று பத்து வயதில் வீட்டார் சொன்னதையே சொல்லும், வேறு எதையும் தேடிப்பார்க்காது. ஜேம்ஸ் மார்சியா 1966இல் இதைத் தேடாமலே மூடிக்கொண்ட அடையாளம் என்று வகைப்படுத்தினார்.

தர்க்கம் பண்ணுகிறான் என்றீர்களே, பண்ணட்டும். உங்களோடு வாதாடிப் பார்ப்பது அவனுக்குப் பாதுகாப்பான இடம். தொடக்கநிலையில் தேர்வுகளைக் குறைத்ததும், 2024இலிருந்து உயர்நிலை ஒன்றில் மதிப்பெண்படி மாணவரைப் பிரித்த பழைய முறை போனதும் நல்ல மாற்றங்கள். வீட்டுப் பேச்சும் அதோடு மாறவேண்டும்.

---

பாலர்பள்ளி டீச்சர் | வியாழன், மாலை 5:30

மைலோவுக்கு வருகிறேன். ஆறு வயதில் "உயரமானதில்தான் நிறைய" என்பது பியாஜே எதிர்பார்த்த பதில்தான். ஆனால் நாம் கேட்கும் விதமும் அதில் கலந்திருக்கிறது. மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் 1970களில், ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகளை வைத்துக் கேட்டார்கள். பெரியவர் ஒரு வரிசையை அகலமாக்கிவிட்டு "இப்போது எது அதிகம்?" என்றால் நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீள வரிசையைக் காட்டினார்கள். ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டதாகச் செய்தபோது, பெரும்பாலோர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் தப்புபோல என்று பிள்ளை பதிலை மாற்றுகிறது.

மகளோடு இதைச் செய்துபாருங்கள். தம்பி கை பட்டு வரிசை கலைந்ததுபோல் வையுங்கள். பதில் என்னவாக இருந்தாலும் திருத்த வேண்டாம், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் காரணம்தான் உங்களுக்குத் தேவை.

வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்துக் கலங்காதீர்கள். பிரைமரி ஒன்னில் எங்கள் நாட்டுக் கணிதமே பொருள், படம், எண் என்ற வரிசையில்தான் போகும். 1960களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன மூன்று படிகளின் வழி வந்தது அது, 1980களிலிருந்து இங்கே நடப்பில் இருக்கிறது. அவள் வீட்டில் கரண்டி எடுத்துவைத்து "நாலு பேருக்கு நாலு" என்று எண்ணட்டும். உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதை இங்கே மட்டும் சேர்க்கிறேன்: தனியாகச் செய்ய முடியாததை, கூட ஒருவர் இருந்தால் செய்துவிடும் ஒரு எல்லை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. அந்த எல்லைக்குள் கற்றுக்கொடுங்கள். அதற்கு வெளியே இருப்பதை டியூஷனில் திணித்தால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

---

செங்காங் அம்மா | வியாழன், இரவு 10:20

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ படிச்சேன், மாமியாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன். தாத்தா எழுதுனதக் கேட்டு அவங்களே "காட்டிட்டு வந்துடுவோம்"னு சொன்னாங்க.

தாதி அக்கா கேட்டதுக்கு: பெயரச் சொன்னாத் திரும்புறான், ஆனா எப்பவும் இல்ல. விளையாட்டுல இருந்தா மூணு நாலு தடவ கூப்பிடணும். விரல் நீட்டிக் காட்டுறான், என் முகத்தையும் பார்க்குறான். செருப்பு எடுத்துட்டு வரச்சொன்னா, நான் கை காட்டுனாத்தான் போறான். பிறந்தப்ப காது பரிசோதனை சரியா இருந்துச்சு, ஆனா ஒரு வயசுக்குள்ள ரெண்டு தடவ காதுல சீழ் வந்துச்சு. இன்ஃபண்ட் கேர்ல தமிழ் தெரிஞ்ச டீச்சர் இல்ல, வீட்ல தமிழ் தொடர்ந்து பேசப்போறேன்.

---

தாதி அக்கா | வெள்ளி, காலை 6:40

விரல் நீட்டி உங்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பெரிய நிம்மதி. காதில் சீழ் என்றது முக்கியமான செய்தி. பிறந்தபோது நன்றாகக் கேட்ட காதில், பிறகு நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்பது மங்கலாம். கை காட்டினால் மட்டும் புரிவதற்கும், கூப்பிட்டால் சில சமயம் திரும்பாததற்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

பாலிகிளினிக்கில் 15 முதல் 22 மாதத்துக்குள் ஒரு வளர்ச்சிப் பரிசோதனை உண்டு, மகனுக்கு அதற்கான வயது இதுதான். உடனே நாள் வாங்குங்கள். ஹெல்த் புக்லெட் கொண்டுபோங்கள். அவன் சொல்லும் எல்லாச் சொல்லையும், எந்த மொழியானாலும், அரைகுறையாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். வீட்டில் விளையாடும்போது, அவனுக்குத் தெரியாமல், ஒன்றிரண்டு நிமிட வீடியோ எடுத்துவையுங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறக்காது. வீட்டில் பெரும்பாலும் பாட்டிதான் பார்க்கிறார் என்றால் அவரையும் அழைத்துப்போங்கள், நாங்கள் கேட்கும் பாதிக் கேள்விக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.

தேவை என்று பட்டால் கேகேயிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே காத்திருக்க வேண்டிவரலாம், அதனால்தான் இப்போதே போகச் சொல்கிறேன். காதுப் பரிசோதனைக்குத் தனியாக எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள், மறந்துவிடாதீர்கள்.

---

உட்லண்ட்ஸ் தாத்தா | வெள்ளி, காலை 8:05

அம்மா, போய்வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். காலையில் அந்தக் கிளாஸ்கோ ஆய்வைப் பற்றி மகளிடம் சொன்னேன். பணிப்பெண்ணுக்கு விடுமுறை நாள் வந்தால் பேத்தி அழுவாளே என்று பயந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கூட இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாணவி, ஒரு கேள்வி: பேத்தியோடு தமிழில் பேசும்போது மழலையாகப் பேசலாமா, திருத்தமாகப் பேச வேண்டுமா?

---

பாலர்கல்வி மாணவி | வெள்ளி, மதியம் 12:50

மழலையாவே பேசுங்க தாத்தா. இழுத்து, ஏத்தி இறக்கி, மெதுவாப் பேசுறதக் குழந்தைங்க கூடுதல் நேரம் கவனிச்சுக் கேக்குதுங்க. ஒலி மட்டும் தெளிவா இருக்கட்டும், அவ ஏதாவது சத்தம் குடுத்தா நீங்க பதில் சொல்லிட்டு, மறுபடி அவ சொல்றதுக்குக் கொஞ்சம் நேரம் விடுங்க.